நாலாவது விநாடியில் அணையும் பி.சி.: இருங்காட்டுக்கோட்டை ரூமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னதையும் மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஏ.ஐ. பற்றிப் பேசுறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். நடுவுல ஒரு போன் கால் வந்துடுச்சு.

என் சித்தி பையன் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்ல, கார் பார்ட்ஸ் பண்ற ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட்ல வேலை செய்றான். டிப்ளமோ மெக்கானிக்கல், மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட். நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம். ஏழு மாசமா ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, ஒரு பழைய அசெம்பிள்டு பி.சி.யில ராத்திரி எல்லாம் கேட் டிசைன் கத்துக்கிட்டு இருக்கான். லைன்லேர்ந்து டிசைன் ஆபீஸுக்குப் போகணும், அதுதான் அவன் கணக்கு. செவ்வாய்க்கிழமை காலையில ஒரு இடத்துல டெஸ்ட். போட்ட டிராயிங் எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை காலையில போன். "அண்ணா, பி.சி. ஆன் ஆகல. கடைக்காரர் மதர்போர்டு போயிடுச்சுன்னு சொல்றார். ஆறாயிரத்து ஐநூறு கேக்குறார்."

"டிராயிங் பேக்கப் எடுத்தியாடா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்ல.

பிடித்தம் எல்லாம் போக அவன் கைக்கு வர்றது பதினஞ்சாயிரம் சொச்சம். அதுல ஆறாயிரத்து ஐநூறுன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். போரூர்லேர்ந்து பைக்கை எடுத்தேன். செம்பரம்பாக்கம் தாண்டினா முக்கால் மணி நேரத்துல இருங்காட்டுக்கோட்டை.

அந்த ஏரியா தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை – பெங்களூரு ஹைவேல, ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னாடி வரும். ஹூண்டாய் 1998-ல முதல் சான்ட்ரோவை வெளியே விட்டது இங்கேர்ந்துதான். பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர்ல 2006-லேர்ந்து 2014 வரைக்கும் நோக்கியா போன் செஞ்சாங்க. அதே வளாகத்துல இப்போ சால்காம்ப் சார்ஜர் செய்யுது. சார்ஜர்ங்கறது வேற ஒண்ணும் இல்ல, குட்டி எஸ்.எம்.பி.எஸ்.தான். டெல் கம்பெனி 2007-லேர்ந்து இங்கே டெஸ்க்டாப்பே செய்யுது. நாடு முழுக்க ஆபீஸ் ஆபீஸா போற கம்ப்யூட்டர் உருவாகுற ஊர்ல, ஒரு ரூமுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் ஆன் ஆகாம உட்கார்ந்திருக்கு.

கடைக்காரரைத் திட்டலாம்னுதான் போனேன். ஆனா அவர் செஞ்சது தப்பில்ல. தன்கிட்ட இருந்த நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒண்ணை மாட்டிப் பார்த்திருக்கார். அப்பவும் ஆன் ஆகி அணைஞ்சிருக்கு. பவர் சப்ளை நல்லாருக்கு, ஆனாலும் ஓடல, அப்போ போர்டுதான். பத்து நிமிஷத்துல நானும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பேன். அந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. அது என்னன்னு புரியணும்னா, பவர் பட்டனை அழுத்தினா உள்ளே என்ன நடக்குதுன்னு முதல்ல தெரியணும்.

நம்ம வீட்டு ஃபேன் சுவிட்ச் கரண்ட்டை நேரடியா வெட்டும், சேர்க்கும். தொண்ணூறுகள் வரைக்கும் கம்ப்யூட்டர் சுவிட்சும் அப்படித்தான் இருந்துச்சு, 230 வோல்ட் அந்த பட்டன் வழியாவே போகும். 1995-ல இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறை இதை மாத்திடுச்சு. இப்போ நீங்க அழுத்துற பட்டன் காலிங் பெல் மாதிரி. ரெண்டே ரெண்டு மெல்லிசு ஒயர். அழுத்தினா ரெண்டும் தொட்டுக்கும், விட்டா பிரிஞ்சுடும். "ஐயா, எழுந்திருங்க"ன்னு மதர்போர்டுகிட்ட அது வைக்கிற கோரிக்கை அவ்வளவுதான்.

அப்போ அணைஞ்சிருக்கிற மதர்போர்டுக்கு அந்த கோரிக்கை எப்படிக் கேக்குது? அது முழுசா தூங்கறதே இல்ல. பின்னாடி சுவிட்ச் ஆன்ல இருக்கிற வரைக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஊதா ஒயர்ல 5 வோல்ட் கொடுத்துக்கிட்டே இருக்கும். ஸ்டாண்ட்பை வோல்ட்டேஜ்னு பேரு. பட்டன் அழுத்தினதும் போர்டு பச்சை ஒயரைக் கீழே இழுக்கும், அதாவது கிரவுண்டோட சேர்க்கும். உடனே எஸ்.எம்.பி.எஸ். முழுசா முழிச்சு 12, 5, 3.3 வோல்ட் எல்லாத்தையும் விடும். விட்டதும் பிராசஸர் ஓடாது. வோல்ட்டேஜ் எல்லாம் நிலைச்சு நிக்குதான்னு பார்த்துட்டு, 100-லேர்ந்து 500 மில்லி விநாடிக்குள்ள சாம்பல் ஒயர்ல "எல்லாம் சரி"ன்னு ஒரு சிக்னல் போகும். அது வந்த பிறகுதான் பிராசஸர் முதல் கட்டளையைப் படிக்கும்.

சங்கிலி மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. சுவர் பாயின்ட், பவர் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., ஊதா, பட்டன், பச்சை, மூணு வோல்ட்டேஜ், சாம்பல், பிராசஸர். ஆன் ஆகலைன்னா எந்தக் கண்ணியில நின்னுதுங்கறதுதான் கேள்வி.

ரூமுக்குப் போனதும் சுவர்லேர்ந்துதான் ஆரம்பிச்சேன். நாலு பேர் ரூம்னா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டாம். ஒரே பாக்ஸ்ல ரைஸ் குக்கர், நாலு போன் சார்ஜர், பி.சி. "போன் சார்ஜ் ஏறுது, அப்போ பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு"ன்னு நினைக்கக் கூடாது. சார்ஜர் இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான். உள்ளே தேஞ்சுபோன பித்தளை அதுக்குப் போதும், பி.சி.க்குப் போதாது. கொஞ்சம் லோடு இழுக்கிற பொருளைப் போட்டுப் பார்க்கணும். அயர்ன் பாக்ஸை நேரா சுவர் பாயின்ட்ல போட்டோம், சூடாச்சு. அதே பாயின்ட்ல பி.சி.யை மாட்டினோம். எஸ்.எம்.பி.எஸ். பின்னாடி இருக்கிற சுவிட்சையும் பார்த்தேன். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தா ஆன், வட்டம் போட்ட பக்கம்னா ஆஃப். சிரிக்காதீங்க, இந்த ஒரு சுவிட்சுக்காக நானே ஒரு தடவை ஆட்டோ பிடிச்சு ரிச்சி ஸ்ட்ரீட் போயிட்டு வந்திருக்கேன்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ல சிவப்பா இன்னொரு சுவிட்ச் இருக்கும், 115, 230ன்னு எழுதியிருக்கும். நம்ம ஊர்ல அது 230-லயே இருக்கணும். 115-க்குத் தள்ளி ஆன் பண்ணினா வெடிச் சத்தம் கேக்கும், புகை வரும்.

அடுத்து, எல்லாரும் சொல்ற அந்த வைத்தியம். பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடிச்சு, போர்டுல தங்கியிருக்கிற சார்ஜை வடியவைக்கிறது. சில நேரம் உண்மையிலேயே வேலை செய்யும். முப்பது எண்ணினேன். ஒரு விஷயத்தை அப்போ நான் கவனிக்கல, அதுக்குப் பின்னாடி வர்றேன்.

மறுபடி மாட்டி அழுத்தினா ஒண்ணுமே இல்ல. தம்பி கேபினட் தலையில ஒரு தட்டு தட்டிட்டு "இப்ப அழுத்துங்கண்ணா"ன்னான். ஃபேன் சுத்துச்சு, லைட் வந்துச்சு, பொசுக்குன்னு அணைஞ்சிடுச்சு.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கலாம். "ஆன் ஆகல"ன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றது உள்ளே நாலஞ்சு விதமான நோய். எதுவுமே அசையலைன்னா சங்கிலியோட ஆரம்பத்துல கோளாறு. ஃபேன் ஒரு துடிப்பு துடிச்சு அரை விநாடியில நின்னா பெரும்பாலும் எங்கயோ ஷார்ட், எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாத்திக்குது. போர்டுக்கு அடியில விழுந்த ஸ்குரூ, வளைஞ்சுபோன யு.எஸ்.பி. பின், பல்லி கூட. ஆமா, பல்லி. அப்போ கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், முன்பக்க யு.எஸ்.பி. ஒயர்னு ஒவ்வொண்ணா கழட்டிட்டே வந்து, எதைக் கழட்டினதும் உயிர் வருதுன்னு பார்க்கணும். ஃபேன் நிக்காம ஓடி, ஸ்கிரீன் மட்டும் கறுப்பா இருந்தா அது பவர் கோளாறே இல்லாம இருக்கலாம். ரேமைக் கழட்டி, தங்க நிறப் பல்லை அழிரப்பரால மெதுவா துடைச்சு மாட்டுங்க. பிராசஸர் பக்கத்துல தனியா வர்ற 4 பின் இல்ல 8 பின் கனெக்டர் நல்லா உட்கார்ந்திருக்கான்னும் பாருங்க.

நம்ம பி.சி. இதுல எதுலயும் சேரல. சில விநாடி நல்லா ஓடி அணையுது. எனக்கு உடனே தோணினது சூடு. பிராசஸர் மேல இருக்கிற ஹீட் சிங்க் கழண்டிருந்தா சூடு ஏறி சில விநாடியில தானா அணைஞ்சிடும்.

அதுக்கு முன்னாடி கடைக்காரர் சொன்னதை உறுதிப்படுத்திக்கலாம்னு எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியா சோதிச்சேன். பின் சுவிட்சை ஆஃப் பண்ணி, 24 பின் கனெக்டரைப் போர்டுலேர்ந்து கழட்டி, மத்த கனெக்டரையும் எடுத்துட்டு, பச்சை ஒயர் துளையையும் பக்கத்துல இருக்கிற ஒரு கறுப்பு ஒயர் துளையையும் வளைச்ச பேப்பர் கிளிப்பால சேர்க்கணும். அப்புறம் கையை எடுத்துட்டு சுவிட்சைப் போடணும். ஃபேன் சுத்தினா உயிர் இருக்கு. மல்ட்டிமீட்டர் இருந்தா மஞ்சள்ல 11.4-லேர்ந்து 12.6, சிவப்புல 4.75-லேர்ந்து 5.25, ஆரஞ்சுல 3.14-லேர்ந்து 3.47 இருக்கணும். தம்பி மெயின்டனன்ஸ்ங்கறதால அவன்கிட்ட மீட்டர் இருந்துச்சு. எல்லாம் சரியா இருந்துச்சு. லோடு இல்லாம சரியா காட்டி, லோடு ஏறினதும் படுத்துக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸும் உண்டு. ஆனா கடைக்காரர் ஏற்கெனவே வேற ஒண்ணை மாட்டிப் பார்த்துட்டதால அந்த சந்தேகமும் போச்சு. புது எஸ்.எம்.பி.எஸ். சிலதுல லோடு இல்லாதப்போ ஃபேனே சுத்தாது, அதை வெச்சு செத்துடுச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் திறக்காதீங்க. 230 வோல்ட் ஏ.சி. உள்ளே டி.சி.யா மாறினா ஏறக்குறைய 325 வோல்ட். அதைப் பிடிச்சு வெச்சிருக்கிற பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கின பிறகும் சார்ஜோட இருக்கலாம். வெளியே என்ன வேணா கழட்டுங்க, அந்த டப்பா வேண்டாம்.

உங்க வீட்ல இருக்கிறது டெல் டெஸ்க்டாப்னா பேப்பர் கிளிப் பக்கமே போக வேண்டாம். பல மாடல்ல எஸ்.எம்.பி.எஸ். பின்னாடி சின்னதா ஒரு பட்டனும் லைட்டும் இருக்கும், அழுத்தினா பச்சை எரியணும். முன்பக்க பவர் லைட் ஆம்பர் நிறத்துல எரிஞ்சாலோ மின்னினாலோ அது ஒரு எர்ரர் கோடு, மாடல் மேனுவல்ல அர்த்தம் இருக்கும். அவங்க கனெக்டரும் பல மாடல்ல வேற, ரிச்சி ஸ்ட்ரீட்ல சாதா எஸ்.எம்.பி.எஸ். வாங்கிட்டு வந்தா பொருந்தாது.

டெல்லைச் சொன்னதும் இன்னொண்ணு. 2000-களின் முதல் பாதியில உலகம் முழுக்க மதர்போர்டு கெப்பாசிட்டர் எல்லாம் தலை வீங்கிச் செத்துச்சு. பல கம்பெனி போர்டுல நடந்தது. 2003-லேர்ந்து 2005 வரைக்கும் டெல் அனுப்பின சுமார் 1.18 கோடி கம்ப்யூட்டர்ல இந்தக் கெப்பாசிட்டர் ஆபத்து இருந்துச்சுன்னு பின்னாடி அமெரிக்க கோர்ட் வழக்கு ஆவணங்கள்ல வெளிவந்துச்சு. அதனால பழைய பி.சி.யைத் திறந்ததும் நான் முதல்ல பார்க்கிறது கெப்பாசிட்டர் தலையைத்தான். தட்டையா இருக்கணும். உப்பியிருந்தா, பழுப்பா ஏதாவது கசிஞ்சிருந்தா, கடைக்காரர் சொல்ற "போர்டு போச்சு" நிஜம். தம்பி போர்டுல எல்லாம் தட்டையா, சமர்த்தா இருந்துச்சு.

சரி, ஹீட் சிங்க்தான்னு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். தம்பி தரையில உட்கார்ந்து மறுபடி மறுபடி தட்டி ஆன் பண்ணி, வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டு இருந்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." அணைஞ்சிடும். திரும்ப. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

"அண்ணா, இது ஏன் எப்பவுமே நாலுலயே நிக்குது?"

கை அப்படியே நின்னுடுச்சு. சூடுன்னா இப்படி நடக்காது. முதல் தடவை எட்டு விநாடி ஓடும், சூடு ஆறாம திரும்பப் போட்டா அஞ்சுல அணையும், அப்புறம் மூணுல. ஒவ்வொரு தடவையும் சரியா நாலுன்னா அது கோளாறு மாதிரி இல்ல, யாரோ எழுதி வெச்ச விதி மாதிரி இருக்கு. அப்படி ஒரு விதி நமக்கெல்லாம் தெரியும். பி.சி. ஹேங் ஆனா என்ன பண்ணுவீங்க? பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பீங்க. நாலு விநாடி பிடிச்சா போர்டு எதையும் கேக்காம பவரை வெட்டிடும்.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவனே சொன்னான். "எங்க லைன்ல மெஷின் ஸ்டார்ட் ஆகலைன்னா நாங்க முதல்ல எமர்ஜென்சி ஸ்டாப் அமுங்கியிருக்கான்னுதாண்ணா பார்ப்போம். இந்த பட்டனும் அமுங்கிட்டு நிக்குதோ?" விரலால தடவிப் பார்த்தான். "டிக்குன்னு வரவே இல்லண்ணா."

முப்பது விநாடி அதே பட்டனை அழுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். அது திரும்பி மேல வரலைங்கறதைக் கவனிக்கல. இன்ஜினியரிங் டிகிரி எனக்கு.

இப்போ எல்லாமே பொருந்துது. பட்டனோட பிளாஸ்டிக் உள்ளே சிக்கிக்கிட்டு ரெண்டு ஒயரையும் தொட்டபடியே வெச்சிருக்கு. போர்டைப் பொறுத்தவரைக்கும் யாரோ விடாம அழுத்திக்கிட்டே இருக்காங்க. புதுசா ஒரு அழுத்தல் வரவே இல்லாததால பல தடவை எழுந்திருக்கறதே இல்ல. கேபினட்டைத் தட்டினா சிக்கல் விடுது, அழுத்தினா ஆன் ஆகுது, திரும்ப சிக்கிக்குது, நாலு விநாடி ஆனதும் விதிப்படி அணையுது. கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாத்தினார், ஆனா பட்டன் அதேதானே? அவர் கணக்குல இருந்த ஓட்டை அதுதான்.

நிரூபிக்கறது சுலபம். மதர்போர்டு ஓரத்துல முன்பக்க பட்டன், லைட் ஒயர் எல்லாம் வந்து சேர்ற சின்ன பின் கூட்டம் இருக்கும். அதுல பவர் சுவிட்ச்னு எழுதின ரெண்டு பின் ஒயரைக் கழட்டினோம். இப்போ பட்டன்னு ஒண்ணு இந்த பி.சி.க்கே கிடையாது. ஸ்குரூ டிரைவர் நுனியால அந்த ரெண்டு பின்னையும் ஒரு கணம் தொட்டு எடுத்தேன். சின்ன வோல்ட்டேஜ்தான், கையில அடிக்காது. ஆனா பக்கத்து பின்னைத் தொட்டுடாம நிதானமா செய்யணும்.

ஃபேன் சுத்துச்சு. நாங்க ரெண்டு பேரும் எண்ணினோம். மூணு. நாலு. அஞ்சு. எட்டுல ஒரு பீப். ரூம்ல நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கிட்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்துட்டார். விண்டோஸ் வந்துச்சு. தம்பி நேரா டிராயிங் போல்டரைத் திறந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் மவுஸை மேலயும் கீழயும் உருட்டிக்கிட்டே இருந்தான்.

பட்டனைக் கழட்டிப் பார்த்தா, ஹைவே லாரிப் புழுதியும் கையில ஒட்டிட்டு வர்ற மெஷின் எண்ணெயும் சேர்ந்து களிம்பு மாதிரி ஆகியிருந்துச்சு. துடைச்சோம். ஆனா உள்ளே ஸ்பிரிங்கும் தளர்ந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை புது சுவிட்சுக்கு எங்கே போறது? அதுக்கு ஒரு பழைய வழி இருக்கு. கேபினட்ல ரீசெட் பட்டன் இருக்கு இல்ல, அதுவும் அதே மாதிரி ரெண்டு ஒயர் காலிங் பெல்தான். ரீசெட் ஒயரைக் கழட்டி பவர் சுவிட்ச் பின்ல மாட்டிட்டோம். எந்த ஒயர் எந்தப் பக்கம்னு கவலையே வேண்டாம், பட்டனுக்கு பிளஸ் மைனஸ் கிடையாது. லைட்டுக்குத்தான் உண்டு. செலவு, என் பைக் பெட்ரோல்.

அப்புறம் என் போன் ஹாட்ஸ்பாட்ல உட்கார்ந்து எல்லா டிராயிங்கையும் டிரைவ்ல ஏத்தி, ஒரு பென் டிரைவ்லயும் போட்டோம். அதுக்கு ஆன நேரம், ரிப்பேருக்கு ஆனதை விட ஜாஸ்தி.

செவ்வாய்க்கிழமை டெஸ்ட் எழுதிட்டு வந்துட்டான். ரிசல்ட் இன்னும் வரல, வந்தா சொல்றேன். பி.சி. ரீசெட் பட்டன்லதான் ஓடுது. போன வாரம் அந்த ரூமுக்கு புதுசா ஒரு பையன் வந்திருக்கான். வந்த அன்னைக்கே பெரிய பட்டனை நாலு தடவை அழுத்திப் பார்த்துட்டு, "அண்ணா, உங்க பி.சி. ஆன் ஆகலண்ணா"ன்னு சொல்லியிருக்கான். இப்போ அதுமேல ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கு. "கீழ சின்ன பட்டனை அழுத்தவும்"னு பக்கத்துல மார்க்கர்ல எழுதி வெச்சிருக்காங்க.